பன்னிரண்டு சதுர அடி: உதகையில் ஒரு வரலாற்று உலா

உதகையிலிருந்து கூடலூர் செல்லும் சாலையில், ஊரைத் தாண்டிச் சற்றுத் தொலைவில் இருக்கும் ஒரு தங்கும் விடுதியினர் சனிக்கிழமைதோறும் ஒரு வரலாற்று உலா நடத்துகிறார்கள். முற்பகல் முழுவதும் விடுதியின் கூடத்தில் ஓர் அமர்வு, பிறகு மதிய உணவு, அதன்பின் வேனில், பழைய சிறைக் கட்டடம் உள்ள நடுவட்டம் வரை ஒரு பயணம் என்பது ஏற்பாடு. எடுத்துக்கொண்ட பொருள், மலைக்கு வரும் சுற்றுலாப் பயணிகள் வழக்கமாகக் கேட்கும் பொருளன்று. சீனத் துறைமுகங்களிலிருந்து ஒப்பந்தக் கூலிகளையும் பிழைப்புத் தேடிப் போனவர்களையும் ஏற்றிச் சென்ற கப்பல்களைப் பிரிட்டிஷ் அரசு எப்படிச் சட்டம் போட்டுக் கட்டுப்படுத்தப் பார்த்தது, அந்தச் சட்டம் எங்கே பிடித்தது, எங்கே நழுவியது என்பதைத்தான் சொல்கிறார்கள். கட்டணம் தலைக்கு 1,500 ரூபாய். முற்பகல் அமர்வுக்கு மட்டுமே அந்தப் பணம் தகும் என்பதும், பிற்பகல் பயணம் இப்போதுள்ள நிலையில் அந்த அமர்வுக்கு இழுக்கு என்பதும் என் முடிவு. குறைகளை நடத்துகிறவர்களிடம் நேரிலேயே சொல்லிவிட்டதால் விடுதியின் பெயரை இங்கே எழுதவில்லை.

கூடத்தில் நாற்காலிகள் கிடையாது. மரத்தரையில் வெள்ளை நாடா ஒட்டி, ஆறடி நீளமும் இரண்டடி அகலமுமான கட்டங்களை இடைவெளியின்றி வரிசையாக வகுத்திருக்கிறார்கள். வருகிறவர்கள் ஆளுக்கொரு கட்டத்தில் உட்கார வேண்டும். தரையிலிருந்து ஆறடி உயரத்தில் மூங்கில் கழிகளைக் குறுக்கே கட்டி, கூரை இவ்வளவுதான் என்று காட்டியிருக்கிறார்கள். 1855இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இயற்றிய சீனப் பயணிகள் சட்டம், வயது வந்த ஒருவருக்குக் கப்பலின் இடைத்தளத்தில் குறைந்தது 12 சதுர அடிப் பரப்பும் 72 கன அடிக் கொள்ளளவும் ஒதுக்க வேண்டும் என்றது. அந்தக் கணக்கைத்தான் நாடாவும் கழியும் கண்முன் நிறுத்துகின்றன. 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இருவரை ஒருவராகக் கணக்கிட வேண்டும் என்பதும் அதே விதி. ஆகவே எங்களோடு வந்திருந்த ஒரு தாயின் இரண்டு பிள்ளைகளும் ஒரே கட்டத்தில் உட்கார வைக்கப்பட்டார்கள். அவர்கள் அதை விளையாட்டாக எடுத்துக்கொண்டதும், கால் மணி நேரத்துக்குள் ஒருவரை ஒருவர் உதைத்துக்கொள்ளத் தொடங்கியதும் விளக்கவுரை எதுவும் சொல்லாததைச் சொல்லிவிட்டன.

வழிகாட்டி, குன்னூர்ப் பக்கத்து இளைஞர். கோத்தகிரியிலிருந்து வந்திருந்த, தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவரைப் பார்த்து, "ஐயா, கொஞ்சம் படுத்துப் பாக்குறீங்களா?" என்று கேட்டார். "படுத்துருவேன் தம்பி, எந்திரிக்க நீதான் கை குடுக்கணும்" என்று சொல்லிக்கொண்டே அவர் படுத்தார். தோள் இரண்டும் நாடாவைத் தொட்டன. பக்கத்துக் கட்டத்தில் இருந்தவர் தாமாகவே ஒதுங்கினார். ஒதுங்கிய இடம் அடுத்தவருடைய கட்டமாக இருந்தது. படுத்தபடியே பெரியவர், "நாங்க தலைமன்னார்ல கப்பல் ஏறி வந்தது ஒரு பொழுதுதான். எங்க லயத்துக் காம்பரா பத்துக்குப் பன்னெண்டு, அதுல எட்டுப் பேரு கெடந்தோம். இவங்க இதுல எத்தன நாளு போனாங்க?" என்றார். கியூபாவுக்குப் போன பாய்மரக் கப்பல்களுக்கு மூன்று மாதத்துக்கு மேலும் ஆனதுண்டு என்று வழிகாட்டி பதில் சொன்னார். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து வந்து இந்த மலையில் குடியமர்த்தப்பட்டவர்கள் பலர் வாழும் மாவட்டத்தில், இத்தகைய அமர்வுக்கு அவையினரே பாதி ஆசிரியர்களாகிவிடுகிறார்கள் என்பதை நடத்துகிறவர்கள் நன்றாகப் பயன்படுத்திக்கொள்கிறார்கள்.

அமர்வின் உண்மையான பலம், சட்டத்தைக் கருணையின் சாசனமாகவும் காட்டாமல் வெறும் கண்துடைப்பாகவும் காட்டாமல், வரி வரியாக எடுத்துப் படிக்க வைப்பது. கையில் கொடுக்கும் ஆறு பக்க நகலில் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் தமிழாக்கப்பட்டிருக்கின்றன. தமிழ் தெளிவாகவே இருக்கிறது. பிரிட்டிஷ் வசமிருந்த ஹாங்காங் துறைமுகத்திலிருந்து புறப்படும் எந்த நாட்டுக் கப்பலாயினும், சீனாவின் வேறெந்தத் துறைமுகத்திலிருந்தும் புறப்படும் பிரிட்டிஷ் கப்பலாயினும், ஆசியர்களாகிய பயணிகள் இருபது பேருக்கு மேல் ஏறினால் அது சட்டத்தின் கண்ணில் சீனப் பயணிக் கப்பலாகிறது. ஏழு நாளைக்குள் முடியும் பயணத்துக்கு விலக்கு உண்டு. குடிபெயர்வு அதிகாரி ஏறிப் பார்த்துச் சான்று கொடுக்காமல் கப்பல் கிளம்பக் கூடாது. அரிசி, கருவாடு, மசாலைப் பொருள், விறகு, தண்ணீர் ஆகியவற்றுக்கு ஆளுக்கு ஆள் அளவு உண்டு. மருத்துவரும் மொழிபெயர்ப்பாளரும் கப்பலில் இருந்தாக வேண்டும். தாங்கள் எங்கே போகிறோம், என்ன ஒப்பந்தத்தின்பேரில் போகிறோம் என்பது பயணிகளுக்குத் தெரிந்திருக்கிறதா என்றும் அந்த அதிகாரி பார்க்க வேண்டும். இந்தக் கடைசிக் கடமையில் வழிகாட்டி நெடுநேரம் நின்றார், நின்றது சரியே. இடத்தை அளவுகோலால் அளக்கலாம், தண்ணீரைப் பீப்பாயால் அளக்கலாம். நூற்றுக்கணக்கானவர்கள் நெருக்கி நிற்கும் தளத்தில், ஏமாற்றியோ கடனில் சிக்கவைத்தோ கூட்டிவந்த தரகனின் ஆட்கள் கரையில் காத்திருக்க, "மனமொப்பிப் போகிறாயா?" என்று ஓர் அதிகாரி கேட்டுப் பெறும் பதிலை எதைக் கொண்டு அளப்பது? அந்த அமர்வில் நான் கேட்ட மிக நல்ல கேள்வி இதுதான்.

இடப்பரப்பு பற்றிய இன்னொரு செய்தியும் நகலில் இருக்கிறது. அதே 1855இல் அதே நாடாளுமன்றம், பிரிட்டனிலிருந்து குடிபெயர்ந்து போகும் பயணிகளுக்காக இயற்றிய பொதுச் சட்டத்தில் மேல் பயணித்தளத்தில் ஒருவருக்கு 15 சதுர அடியும் கீழ்த்தளத்தில் 18 சதுர அடியும் வேண்டும் என்றிருந்தது. சீனருக்குப் பன்னிரண்டு போதும் என்ற முடிவுக்கு எப்படி வந்தார்கள் என்று கேட்டால், வெப்ப மண்டலத்து மனிதர்கள், உடல் சிறிது, செலவு கட்டுப்படியாகாது என்ற அந்தக் காலத்து வாதங்கள் வரும். வழிகாட்டி வாதங்களைச் சொன்னதோடு நிறுத்திக்கொண்டு, பதினைந்து சதுர அடிக் கட்டம் ஒன்றைச் சிவப்பு நாடாவால் ஒட்டிக் காட்டினார். இந்திய ஒப்பந்தக் கூலிகளின் கப்பல்களிலும் 12 சதுர அடி, 72 கன அடி என்ற கணக்கே புழங்கியது என்பதை அவர் ஒரே வாக்கியத்தில் கடந்துபோனது எனக்கு மனக்குறை. 1860இல் சென்னையிலிருந்து புறப்பட்டு அந்த நவம்பரில் தென்னாப்பிரிக்காவின் தர்பன் துறைமுகம் சேர்ந்த ட்ரூரோ கப்பலைப் பற்றி இரண்டு நிமிடம் பேசியிருந்தால், கூடத்தில் இருந்த எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள்.

சட்டம் வருவதற்கு முன் நடந்தவற்றைச் சுருக்கமாகவே சொல்கிறார்கள். 1852இல் தென்சீனத்தின் அமோய் துறைமுகத்திலிருந்து நானூறுக்கும் மேற்பட்ட கூலிகளை ஏற்றிச் சென்ற ராபர்ட் பவுன் என்ற அமெரிக்கக் கப்பலில், தலைவன் அவர்களுடைய சடைப்பின்னலை அறுக்கச் செய்ததும், அவர்கள் கிளர்ந்தெழுந்து அவனைக் கொன்றதும், கப்பல் ரியூக்கியூத் தீவுகளில் தரைதட்டியதும் அதில் அடங்கும். அதே ஆண்டின் இறுதியில், ஆள்பிடித் தரகர்களை எதிர்த்து அமோய் நகர மக்கள் கலகம் செய்தார்கள். இவையெல்லாம் சட்டத்துக்குத் தூண்டுதல். ஆனால் சட்டம் நடைமுறைக்கு வந்த 1856இலேயே ஹாங்காங்கிலிருந்து கியூபாவின் ஹவானாவுக்குப் புறப்பட்ட டியூக் ஆஃப் போர்ட்லாண்ட், ஜான் கால்வின் என்ற இரண்டு பிரிட்டிஷ் கப்பல்களிலும், ஒவ்வொன்றிலும் நூற்றுக்கும் மேற்பட்டோர் வழியிலேயே இறந்துபோனார்கள். அளந்து விட்ட இடத்தில், அளந்து ஏற்றிய அரிசியோடு போயும் இந்தக் கதி. இந்த இடத்தில் வழிகாட்டி குரலை உயர்த்தவில்லை, உருகவும் இல்லை; எண்களைச் சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தார். நாடகத்தனம் இல்லாத இந்த நிதானத்துக்காகவே அவரை இன்னொரு முறை கேட்கலாம்.

கட்டுப்பாடு இறுகியதும் வணிகம் எங்கே நகர்ந்தது என்பதுதான் அமர்வின் உச்சம். சுவரில் தொங்கும் கடல்வரைபடத்தில் ஹாங்காங்குக்கும் மக்காவுக்கும் இடையே ஒரு நூலைக் கட்டியிருக்கிறார்கள். தொலைவு ஏறத்தாழ 60 கிலோமீட்டர். உதகையிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்குவதைவிடச் சற்றே கூடுதல். மக்காவ் போர்ச்சுகீசியர் கையில் இருந்தது. அங்கிருந்து ஸ்பானிய, பெரு, பிரெஞ்சுக் கொடிகளோடு புறப்படும் கப்பலுக்கு லண்டன் சட்டம் பொருந்தாது. 1859இல் மக்காவிலிருந்து ஹவானா நோக்கிப் போன ஃப்ளோரா டெம்பிள் என்ற கப்பல் தென்சீனக் கடலில் பாறையில் மோதியபோது மாலுமிகள் படகுகளில் தப்பிவிட, கீழே இருந்த ஏறத்தாழ 850 சீனர்கள் கப்பலோடு போனார்கள். 1872இல் பெரு நாட்டு மரியா லூஸ் கப்பல் பழுதுபார்க்க யோகோகாமாவில் ஒதுங்கியபோது, அதிலிருந்து கடலில் குதித்துத் தப்பிய ஒருவரால் விஷயம் வெளிவந்து, ஜப்பானிய அதிகாரிகள் விசாரணை நடத்திக் கூலிகளை விடுவித்தார்கள். பெரு அரசு வழக்காட, நடுவராக இருந்த ரஷ்யப் பேரரசர் 1875இல் ஜப்பான் பக்கமே தீர்ப்பளித்தார். மக்காவ் வழி 1874இல் அடைபட்டது. அதற்குள் கியூபாவுக்கு ஒன்றேகால் லட்சம் பேர் அளவிலும் பெருவுக்கு ஒரு லட்சத்தை ஒட்டியும் போய்ச் சேர்ந்திருந்தார்கள்.

அளவு விதி எப்போதும் பயணியின் நன்மைக்காகவே போடப்படுவதில்லை என்பதற்கு இவர்கள் காட்டும் உதாரணமும் அருமையானது. அதே 1855இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாகாணம், கப்பலின் கொள்ளளவில் பத்து டன்னுக்கு ஒரு சீனர் மட்டுமே ஏற வேண்டும் என்றும், இறங்கும் ஒவ்வொருவருக்கும் பத்துப் பவுண்டு வரி என்றும் விதித்தது. இதன் நோக்கம் நெரிசலைக் குறைப்பதன்று, தங்கவயலுக்கு ஆள் வருவதைத் தடுப்பது. கப்பல்காரர்கள் அண்டை மாகாணமான தென் ஆஸ்திரேலியாவின் ரோப் துறைமுகத்தில் ஆயிரக்கணக்கானவர்களை இறக்கிவிட்டார்கள். அவர்கள் அங்கிருந்து பல நூறு கிலோமீட்டர் நடந்தே தங்கவயல் சேர்ந்தார்கள். இரண்டு சட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கச் சொன்னது தேர்ந்த ஆசிரியரின் வேலை.

மதிய உணவைப் பற்றி எனக்கு முன்கூட்டியே சந்தேகம் இருந்தது. வரலாற்றைத் தட்டில் பரிமாறும் வித்தைகள் பெரும்பாலும் சகிக்காது. இங்கே அடக்கமாகச் செய்திருக்கிறார்கள். கெட்டுப்போகாமல் சிலநாள் தாங்கும் காய்கறிகள் என்று சட்டத்தின் அட்டவணை சர்க்கரைவள்ளி, டர்னிப், கேரட், பூசணி ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அவற்றில் பாதி இந்த மலையிலேயே விளைகிறது. சோறு, கருவாட்டுக் குழம்பு, பூசணிக் கூட்டு, கேரட் பொரியல், அவ்வளவுதான். சைவர்களுக்குக் குழம்பு வேறு. சுவையில் குறையில்லை, கருவாட்டில் மட்டும் உப்பு தூக்கல். பிளாஸ்டிக் புட்டிக்கு மாவட்டத்தில் தடை இருப்பதால் தண்ணீரைப் பானையில் வைத்திருக்கிறார்கள். வேனில் ஏறும் முன் சொந்தப் பாத்திரத்தில் நிரப்பிக்கொள்வது நல்லது.

பிற்பகலில்தான் எல்லாம் குலைகிறது. வேனில் வழிகாட்டுகிறவர் வேறொருவர். நடுவட்டத்தில், கொய்னா மருந்துக்குப் பட்டை தரும் சின்கோனா மரத் தோட்டம் போட்ட காலத்தில் அங்கே வேலை செய்த சீனர்களை, அபினிப் போரில் பிடிபட்ட கைதிகள் என்று அவர் அறிமுகப்படுத்தினார். முற்பகலில் பார்த்த சட்டத்தின்படிதான் அவர்கள் கப்பலேறி வந்தார்கள் என்றும் சேர்த்துக்கொண்டார். முதலாவது, மலையில் பலரும் சொல்லும் கதை. இரண்டாவது, முற்பகலையும் பிற்பகலையும் ஒட்டவைக்கக் கண்டுபிடித்த பசை. 1908இல் டபிள்யூ. பிரான்சிஸ் தொகுத்த நீலகிரி மாவட்டக் கெசட்டியர் சொல்வது எளிய செய்தி: மலாய்ப் பக்கத்து நீரிணைக் குடியேற்றங்களில் சிறை வசதி போதாததால் சென்னை மாகாணச் சிறைகளுக்கு அனுப்பப்பட்ட சீனத் தண்டனைக் கைதிகள் இவர்கள். கைதியை நாடு கடத்துவது வேறு ஏற்பாடு; மனமொப்பிப் போகிறாயா என்று அங்கே யாரும் கேட்கப் போவதில்லை. உண்மையில் முற்பகலோடு இணைக்க வேண்டிய புள்ளியே இந்த வேறுபாடுதான். ஒரே கடலில், ஒரே ஆட்சியின் கீழ், ஒருவனுக்குச் சான்றிதழும் மொழிபெயர்ப்பாளரும் வேண்டும், இன்னொருவனுக்கு வாரண்டு போதும்.

அதை விட்டுவிட்டு, வேன் வழிகாட்டி லவ்டேலில் படைவீரர்களின் பிள்ளைகளுக்கான லாரன்ஸ் அசைலம் என்ற பள்ளியைக் கட்டிய காலத்தில் தப்பியோடிய சீனக் கைதிகளின் கதையைக் கொண்டைஊசி வளைவுகள் நெடுகச் சொல்லிக்கொண்டு வந்தார். தேடிப்போன நான்கு காவலர்கள் சிஸ்பாரா மலைப்பாதையில் தலை துண்டிக்கப்பட்டுக் கிடந்தது கெசட்டியரிலும் உள்ள செய்திதான். ஆனால் அதை மூன்று முறை சொல்ல வேண்டியதில்லை, அதுவும் சிறு பிள்ளைகள் முன்னால். சிறையிலிருந்து விடுதலையான பிறகு நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் இடைப்பட்ட சரிவுகளில் தங்கி, தமிழ்ப் பெண்களை மணந்து, காய்கறியும் கொஞ்சம் காப்பியும் பயிரிட்டு, மாடு வளர்த்துப் பிழைத்த சீனர்களின் குடியிருப்பை மானுடவியலாளர் எட்கர் தர்ஸ்டன் 1890களில் பார்த்து எழுதியிருக்கிறார். அந்தச் சரிவுகள் வேனின் சன்னலுக்கு வெளியே தெரிந்துகொண்டிருந்தன. ஒரு சொல் இல்லை. அதற்குப் பதில், வழியில் ஒரு சாக்லேட் கடையில் அரை மணி நேரம் நிறுத்தினார்கள். கடைக்காரர் வழிகாட்டியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு டீ கொடுத்ததிலிருந்து காரணத்தை ஊகிக்கச் சிரமமில்லை. நடுவட்டத்தின் பழைய சிறைக் கட்டடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மூடுபனி இறங்கிவிட்டது, பார்க்கக் கிடைத்தது இருபது நிமிடம். அறைகளின் அகலத்தைக் காலால் அளந்து பார்த்து, முற்பகல் கட்டத்தோடு ஒப்பிடச் சொல்லியிருந்தாலே பயணம் பயனுடையதாகியிருக்கும். எங்களில் இரண்டு மூன்று பேர் அதைத் தாமாகவே செய்தார்கள்.

அமர்வுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. மக்காவ் அடைபட்டதோடு கதை முடிவதில்லை. 1877இல் சிங்கப்பூரில், சீனக் குடியேறிகளைக் கவனிக்கும் அரசு அலுவலகமான சீனர் காப்பகம் அமைந்து, அதன் முதல் தலைவரான வில்லியம் பிக்கரிங்கின் கீழ், வந்து சேரும் கப்பலில் ஏறி ஆட்களை விசாரிக்கும் முறை வந்தது. புறப்படும் துறையில் மட்டும் இருந்த சோதனை இறங்கும் துறைக்கும் வந்த மாற்றம் அது. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் உறவினர் உள்ள குடும்பங்கள் தமிழ்நாட்டில் பல உண்டு. இதற்கு ஒரு கால் மணி நேரம் ஒதுக்கினால் கேட்பவர்களுக்கு மிக நெருக்கமாக இருக்கும்.

போக விரும்புகிறவர்களுக்குச் சில செய்திகள். வெளிமாவட்ட வண்டியில் வந்தால் இ-பாஸ் எடுத்துக்கொண்டு வாருங்கள். தரையில் நெடுநேரம் உட்கார வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் முன்பே சொன்னால் சுவரோரம் நாற்காலி போடுகிறார்கள், ஆனால் அந்த நாற்காலியும் கட்டத்துக்குள்தான். ஸ்வெட்டர் இல்லாமல் நடுவட்டம் போக வேண்டாம். ஆறு பக்க நகலைக் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோகலாம், தனிக்கட்டணம் இல்லை. கெசட்டியரின் பக்கங்களை நகலெடுத்து விடுதிக்காரரிடம் கொடுத்திருக்கிறேன். வேனில் பேசுகிறவரிடம் படிக்கக் கொடுப்பதாகச் சொன்னார். அது நடக்கும்வரை, வேன் வேண்டாம், முற்பகலும் சாப்பாடும் மட்டும் போதும் என்று முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள். 900 ரூபாய்க்கு ஒப்புக்கொள்கிறார்கள்.